ஆள் போனாலும் பில் போகவில்லை: நகராட்சி பென்ஷன் கணக்கில் கண்டவை

பற்று_நோட்டு

கலிஃபோர்னியா நகராட்சிகள் பென்ஷன் செலவை இறுக்கப் பார்த்தது எல்லாருக்கும் தெரியும், முன்னுரை வேண்டாம். எந்த இடத்தில் கணக்கு உதைத்தது, அதை மட்டும் இந்த இழையில் எழுதுங்கள். சொந்தப் புலம்பலும் வேண்டாம்.

எனக்கு உறுத்துவது கால்பெர்ஸ் (மாநிலப் பொது ஊழியர் ஓய்வூதிய நிதி) ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் இருக்கும் இரண்டு வரிகள். மேல் வரி நார்மல் காஸ்ட், அதாவது இந்த வருஷ வேலைக்குச் சேரும் பென்ஷன் செலவு: சம்பளத்தில் இத்தனை சதவீதம். கீழ் வரி யூ.ஏ.எல்., அதாவது பழைய பாக்கி: அங்கே சதவீதம் கிடையாது, நேரே டாலர். முன்பெல்லாம் இரண்டுமே சதவீதம்தான். அப்போது போலீஸ் வேலையைக் கவுன்ட்டி (மாவட்ட) ஷெரிஃபிடம் ஒப்படைத்த ஊர்களில் சம்பளப் பட்டியல் சுருங்கியது. சம்பளம் சுருங்கினால் சதவீதத்தில் வசூலாகும் தொகையும் சுருங்கும், பாக்கி அப்படியே நிற்கும். அதனால்தான் டாலருக்கு மாற்றினார்கள்.

இருந்தும் கவுன்சிலில் கேள்வி மாறவே இல்லை: “இருபது பேரை அனுப்பிவிட்டோமே, பில் ஏன் இறங்கவில்லை?” மெஸ்ஸில் சாப்பிட்டவன் ஊரைக் காலி செய்தாலும் பற்று நோட்டில் அவன் பெயர் இருக்கும். யூ.ஏ.எல். என்பது வேலை பார்த்து முடித்த வருஷங்களுக்கான பாக்கி. ஆளைக் குறைத்தால் இறங்குவது மேல் வரி மட்டும்தான்.

இன்னொன்று. அதே பகுதியில் ஜூலை மாதமே மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று தனியாக ஓர் எண் போட்டிருக்கும். மாதாமாதம் கட்டினால் 10 லட்சம் டாலர் என்றால், 6.8 சதவீதக் கணக்கில் மொத்தமாகக் கட்டும்போது சுமார் 9,67,600. அரை வருஷ வட்டி மிச்சம். சொத்து வரியின் முதல் தவணை டிசம்பரில்தான் கைக்கு வரும் என்பதால், ஜூலையில் ரொக்கம் இல்லாமல் பல ஊர்கள் இதைக் கோட்டை விடுகின்றன. மே மாதமே ரொக்கக் கணக்கு போட்டு வைக்காவிட்டால் நடக்காது.

மலையோரம்

பாக்கியை இறக்கத் தெரியாமல் கடையையே மாற்றிய ஊர் லாயல்டன். சியரா கவுன்ட்டி, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். செலவு மிச்சமாகும் என்று 2013இல் கால்பெர்ஸை விட்டு விலகினார்கள். விலகல் பில் வந்தது: சுமார் 16.6 லட்சம் டாலர். கட்டவில்லை. 2016 நவம்பரில் கால்பெர்ஸ் அந்த ஊரின் நான்கு ஓய்வூதியர்களுக்கும் ஏறக்குறைய 60 சதவீதம் வெட்டியது.

தவணை பாக்கியில்லாமல் கட்டிவந்த ஊருக்கு இவ்வளவு பெரிய பில் எப்படி வரும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 வருஷம் கழித்துத் தர வேண்டிய 100 டாலருக்கு இன்று எவ்வளவு கையில் இருக்க வேண்டும்? 7.5 சதவீதம் வருமானம் வரும் என்று வைத்தால் 23 டாலர் 54 சென்ட். ஊர் உள்ளே இருந்தவரை அந்தக் கணக்குதான். விலகிய மறுநாள் அந்த ஊரின் கணக்கு தனிக் குளத்துக்குப் போய்விடும். நாளைக்குக் குறைந்தால் கேட்க அங்கே ஆள் இல்லை, ஆகவே பங்குச் சந்தையை நம்ப மாட்டார்கள். அரசுப் பத்திர வட்டிதான். அது 3 சதவீதம் என்று வைத்தால் 55 டாலர் 37 சென்ட். ஆள் அதே ஆள், பென்ஷன் அதே பென்ஷன், தொகை மட்டும் இரட்டிப்புக்கு மேல்.

இந்த எண் ஒளித்து வைத்த எண்ணும் இல்லை. ஆண்டு அறிக்கையில் பின்பக்கத்தில் “விலகினால் இவ்வளவு” என்று ஓர் அட்டவணை இருக்கும். அதைப் படிக்காமல் தீர்மானம் போடக் கூடாது.

தணிக்கைக்காரன்

சான் டியேகோ. 2012 ஜூன், முன்மொழிவு பி என்ற வாக்கெடுப்பு. போலீஸ் தவிர மற்றப் புதிய ஊழியர் எல்லாருக்கும் பென்ஷன் கிடையாது, 401(கே) என்ற தனிநபர் முதலீட்டுச் சேமிப்பு மாதிரிக் கணக்கு மட்டும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு.

ஊழியர் சங்கங்கள் எதிர்த்துப் போன வழக்கின் அச்சாணி ஒரே கேள்விதான்: மேயர் பதவியைச் சட்டை மாதிரிக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாதாரணக் குடிமகனாகப் போய்க் கையெழுத்து வேட்டை ஆட முடியுமா? கவுன்சில் கொண்டுவரும் முன்மொழிவு என்றால் மேயர்ஸ்-மிலியாஸ்-பிரவுன் என்ற மாநிலத் தொழிலாளர் சட்டப்படி முதலில் சங்கங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். குடிமக்கள் முன்மொழிவுக்கு அது வேண்டாம். அந்தக் குறுக்கு வழியில்தான் போனார்கள். ஆனால் மேயர் ஜெர்ரி சாண்டர்ஸ் தம் ஆண்டு உரையிலேயே இதை நகரத்தின் திட்டமாகப் பேசியிருந்தார். 2018 ஆகஸ்ட்டில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பேசியிருக்க வேண்டும். 2021 ஜனவரியில் முன்மொழிவே செல்லாது என்றாகிவிட்டது.

பிறகு அவிழ்க்கும் வேலை. இடைப்பட்ட வருஷங்களில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், பென்ஷனில் இருந்திருந்தால் என்ன, 401(கே)யில் கிடைத்தது என்ன, வித்தியாசத்துக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்று கணக்கு. வேலையை விட்டுப் போனவருக்கும் உண்டு.

குமரிமுனை

வழக்கில் தோற்றது நடைமுறைக் குற்றத்தால், திட்டம் தப்பில்லையே? தமிழ்நாட்டில் 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கு சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) கொண்டுவந்த மாதிரிதானே இதுவும்? 10 சதவீதம் நாம, 10 சதவீதம் அரசு. அரசுக்குச் செலவு முடிந்தது.

தணிக்கைக்காரன்

தோழர், ரெண்டு இடத்தில் இடிக்குது. ஒண்ணு, சி.பி.எஸ்.ஸைக் கொண்டுவந்தது மாநில அரசு. சம்பந்தப்பட்ட சட்டத்தை மாத்துற அதிகாரமும் அதன் கையிலேயே இருந்தது. நகராட்சிக்கு அந்த வசதி கிடையாது, மேலே மாநிலச் சட்டம் நிக்குது. ரெண்டு, “செலவு முடிந்தது” என்பது எங்கேயுமே உண்மையில்லை. பழைய திட்டத்தில் இருக்கிறவங்களுக்கும் ஓய்வு பெற்றவங்களுக்கும் பணம் போய்க்கிட்டேதான் இருக்கும். புதுசா வர்றவங்க பங்களிப்பு மட்டும் அந்த நிதிக்கு நின்னுடும். பல வருஷம் ரெண்டு பக்கமும் கட்டணும்.

இன்னொண்ணையும் யாரும் சொல்றதில்லை. சான் டியேகோ 1980களின் தொடக்கத்திலேயே சோஷியல் செக்யூரிட்டியை (மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம்) விட்டு வெளியே வந்த ஊர். அப்படின்னா முன்மொழிவு பிக்கு அப்புறம் பென்ஷனும் இல்லாத, சோஷியல் செக்யூரிட்டியும் இல்லாத ஒரு தலைமுறை ஊழியர். பக்கத்து ஊரில் பென்ஷனாவது கிடைக்கும்போது இங்கே எவர் தங்குவார்?

வட்டிக்கணக்கு

திவாலான ஸ்டாக்டன் நகரின் பெயர் இன்னும் வரவில்லையே, ஆச்சரியம்.

2007 ஏப்ரல். 12.5 கோடி டாலருக்குப் பென்ஷன் கடன் பத்திரம் (பழைய பாக்கியை அடைக்க வெளியே வாங்கும் கடன்), வட்டி சுமார் 5.8 சதவீதம். பணத்தை அப்படியே கால்பெர்ஸில் போட்டார்கள். கால்பெர்ஸ் அப்போது எதிர்பார்த்த வருமானம் 7.75 சதவீதம், இடைவெளி லாபம் என்று கணக்கு. 2008-09இல் கால்பெர்ஸ் முதலீடு நாலில் ஒரு பங்குக்குப் பக்கமாக விழுந்தது. பத்திரக் கடன் அப்படியே நின்றது, விழுந்த பணத்துக்குப் புதிய யூ.ஏ.எல். மேலே ஏறியது. 2012 ஜூன் 28 திவால் மனு.

பென்ஷன் பத்திர யோசனையோடு எவரும் வந்தால் பார்க்க வேண்டியவை (யாரும் கேட்கவில்லை, தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்):

முதலில் “சேமிப்பு” என்று காட்டும் தொகை எங்கிருந்து வருகிறது? வட்டி வித்தியாசத்திலா, தவணைக் காலத்தை நீட்டியதிலா? 18 வருஷப் பாக்கியை 25 வருஷப் பத்திரமாக்கினால் வருஷத் தவணை குறையத்தான் செய்யும். அது சேமிப்பில்லை, மகன் தலையில் எழுதுவது. சேமிப்பை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல விளக்கத் தாள்களில் இருபது வருஷத் தொகையை அப்படியே கூட்டிப் போட்டிருப்பார்கள்.

அடுத்து, தேதி. மொத்தப் பணமும் ஒரே நாளில் உள்ளே போனால் ஒரு நாளின் சந்தை விலையில் ஊர் முழுவதையும் கட்டிப்போடுகிறோம். வருஷத்துக்கு ஒன்றாக மூன்று, நான்கு பகுதியாக விட்டால் அபாயம் கொஞ்சம் பரவும். ஆனால் வெளியீட்டுச் செலவு ஒவ்வொரு தடவையும் தனி.

மூன்றாவது, கடனின் தன்மை. பென்ஷன் பாக்கியை கால்பெர்ஸோடு பேசித் தவணை மாற்ற ஓரளவு இடமுண்டு. பத்திரக்காரனிடம் அந்தப் பேச்சே கிடையாது. கலிஃபோர்னியாவில் இதற்கு வாக்கெடுப்பும் தேவையில்லை. “சட்டம் சுமத்திய கடமை” என்ற விலக்கைக் காட்டி, நீதிமன்றத்தில் செல்லுபடி உறுதி வாங்கி வெளியிடுகிறார்கள். மக்களிடம் கேட்காமலே ஊரை அடகு வைக்கலாம் என்று அர்த்தம். உள்ளாட்சி நிதி அதிகாரிகளின் சங்கமான ஜி.எஃப்.ஓ.ஏ. இந்தப் பத்திரமே வேண்டாம் என்றுதான் பரிந்துரைக்கிறது.

பத்திரத்துக்குப் பதில் இரண்டு வழி உண்டு. கையில் மிச்சப் பணம் இருந்தால் கால்பெர்ஸுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தலாம். அதில் ஒரு நுணுக்கம்: யூ.ஏ.எல். ஒரே கட்டி இல்லை, ஒவ்வொரு வருஷ நஷ்டமும் தனித்தனிப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனித் தவணைக் காலம். நீண்ட தவணை உள்ள பகுதியை அடைத்தால் மொத்த வட்டி அதிகம் மிச்சமாகும். சீக்கிரம் முடியப்போகும் பகுதியை அடைத்தால் அடுத்த பட்ஜெட்டிலேயே மூச்சு விடலாம். எதை அடைக்கிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மத்திய வருமான வரிச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அறக்கட்டளை. அங்கே போட்ட பணம் பென்ஷனுக்கு மட்டும்தான், சாலை போட எடுக்க முடியாது. முதலீட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம், கால்பெர்ஸ் பில் எகிறும் வருஷத்தில் அதிலிருந்து கட்டலாம். ஆனால் அந்தப் பணம் கால்பெர்ஸ் அறிக்கையில் யூ.ஏ.எல்.லைக் குறைத்துக் காட்டாது. கவுன்சிலர்கள் “போட்டோமே, குறையவில்லையே” என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பற்று_நோட்டு

ஸ்டாக்டனுக்கு ஒரு பத்தி, பாடத்துக்கு ஆறு பத்தி. இருக்கட்டும், “எந்தப் பகுதியை அடைப்பது” என்பது உபயோகம்.

செம்பருத்தி

சான் ஓசே பற்றி ஒரு திருத்தம் போட வந்தேன், பெயரே வரலையே. நீதிமன்றத்தில் தோற்றதுதான் தோல்வின்னு மேலே எல்லாரும் பேசறீங்க. சான் ஓசேயில் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே திட்டம் தோத்துப்போச்சு.

2012 ஜூன், மெஷர் பிங்கிற வாக்கெடுப்பு, எழுபது சதவீதத்துக்குப் பக்கமா ஆதரவு. வேலையில் இருக்கிறவங்க பழைய பென்ஷனே வேணும்னா சம்பளத்தில் வருஷத்துக்கு 4 சதவீதம் கூட்டி 16 வரைக்கும் கூடுதலாக் கட்டணும். இல்லைன்னா குறைஞ்ச பென்ஷனுக்கு மாறிக்கலாம். இந்த மாறிக்கிற வாசல்தான் கோளாறு. அதுக்கு மத்திய வருமான வரித் துறை ஒப்புதல் வேணும், அது கிடைக்கவே இல்லை. ரெண்டு கதவு இருக்குன்னு சொல்லி ஒண்ணைச் சுவத்திலே வரைஞ்சு வச்ச மாதிரி.

2013 டிசம்பரில் நீதிபதி அந்தக் கூடுதல் பிடித்தம் செல்லாதுன்னுட்டார். உபரி வருமானத்தை ஓய்வூதியருக்குப் பதிமூணாவது செக்காக் கொடுக்கிற பழக்கத்தை நிறுத்தினது மாதிரி சில பகுதிகள் செல்லும்னுட்டார். அதுக்குள்ளே போலீஸார் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிட்டாங்க. 1,400 பக்கம் இருந்த படை ஆயிரத்துக்குக் கீழே போச்சு. 2016இல் துப்பறிவாளர்களை ரோந்துக்கு இறக்க வேண்டிய நிலைமை. ஆள் இல்லைன்னா ஓவர்டைம், பயிற்சி முடிச்சவர் வெளியூர் போனா பயிற்சிச் செலவும் போச்சு. இதெல்லாம் பென்ஷன் சேமிப்புத் தாளில் ஏறவே ஏறாது. 2016 நவம்பரில் மெஷர் எஃப் வந்து, சங்கங்களோட பேசி முடிச்ச ஏற்பாடு இதோட இடத்தைப் பிடிச்சுது.

இரண்டாம்_ஷிஃப்ட்

பெரிய வழக்கெல்லாம் சரி. தினசரி நழுவுவது பெப்ராவில் (மாநில பென்ஷன் சீர்திருத்தச் சட்டம்)தான். 2013 ஜனவரி 1 முதல் புது உறுப்பினருக்கு (போலீஸ், தீயணைப்பு தவிர) 62 வயதில் வருஷத்துக்கு 2 சதவீதம், அதிகச் சம்பளம் வாங்கிய தொடர் மூன்று வருஷச் சராசரி, நார்மல் காஸ்ட்டில் பாதி அவரே கட்ட வேண்டும். பட்ஜெட்டில் புதிய நியமனம் எல்லாவற்றையும் இந்த விகிதத்தில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு கால்பெர்ஸ் ஊரிலிருந்து ஆறு மாத இடைவெளிக்குள் வந்தவர் “புது” இல்லை, பழைய விகிதம்தான். அனுபவம் உள்ள ஆளாகப் பார்த்து எடுத்தால் அவரோடு பழைய பென்ஷனும் வரும். ஆஃபர் கடிதத்துக்கு முன்னால் கால்பெர்ஸ் கணக்கில் அவர் பழைய சேவையைப் பார்த்துவிட வேண்டும்.

ஓய்வு பெற்றவரையே தற்காலிகமாக அழைத்துக்கொள்வது இன்னொரு சிக்கன வழி. நிதியாண்டுக்கு 960 மணிநேரம்தான், ஓய்வுக்கும் வேலைக்கும் நடுவே பொதுவாக 180 நாள். மணிநேரம் தாண்டினால் அவரை மறுபடி பணியில் சேர்ந்தவராகக் கொண்டு, வாங்கிய பென்ஷனைத் திருப்பிக் கேட்கலாம். இரண்டு ஊரில் பகுதி நேரம் பார்ப்பவருக்கு இரண்டையும் கூட்டித்தான் 960. ரோஸ்டர் போடுபவர்கள் தம் ஊர் மணியை மட்டும் எண்ணுவார்கள்.

குமரிமுனை

அப்படியானால் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் பென்ஷனைத் தொடவே முடியாதா? திவாலானால்கூடவா?

மலையோரம்

தொடலாம். ஸ்டாக்டன் வழக்கில் 2014 அக்டோபர் 1 அன்று நீதிபதி கிளைன் அதைத்தான் சொன்னார்: திவாலில் பென்ஷனையும் குறைக்க முடியும். அதே மாதக் கடைசியில் பென்ஷனைத் தொடாத திட்டத்துக்கே ஒப்புதலும் கொடுத்தார். போனது மருத்துவக் காப்பீடு. சுமார் 1,100 ஓய்வூதியர்கள், 54 கோடி டாலருக்கு மேல் மதிப்புப் போட்ட உரிமை, மொத்தமாக 51 லட்சம் டாலரில் முடிந்தது. ஸ்டாக்டனில் பென்ஷன் தப்பியது என்று எழுதுபவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

திவாலில் உண்மையில் வெட்டிய ஊர் டெட்ராய்ட், மிச்சிகன். 2014இல் ஓய்வூதியர் வீட்டுக்கே வாக்குச் சீட்டு வந்தது. ஆம் என்றால் பொது ஊழியருக்கு 4.5 சதவீத வெட்டு, அகவிலை உயர்வு ரத்து. இல்லை என்றால் அறக்கட்டளைகளும் மாநிலமும் தருவதாகச் சொன்ன பணம் வராது, வெட்டு 27 சதவீதம். பலருக்கு 4.5ஓடும் முடியவில்லை. முன்பு சேமிப்புக் கணக்கில் அதிக வட்டி வரவு வைத்துவிட்டோம் என்று அதையும் திரும்பக் கேட்டார்கள். மொத்தமாகக் கட்ட முடியாதவருக்கு மாதப் பிடித்தம், அதற்கு 6.75 சதவீத வட்டி. 4.5 என்ற எண் செய்தித் தலைப்பில் வந்தது, இந்த 6.75 வரவில்லை.