குறித்த நேரத்தில் நான் இல்லாமல் போனேன். லாடம் அடிப்பவர் முழுக் கூலியையும் கேட்கிறார்

ஒற்றைக்குதிரை எழுதியது:

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெட்டைக்குதிரை. மூன்று ஆண்டுகளாக ஒருவரே ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்து, பழைய லாடங்களைக் கழற்றி, குளம்புகளைச் சீவி, நான்கு கால்களுக்கும் லாடம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய வேலையைப் பற்றி எனக்குப் பெரிதாகக் குறை எதுவும் இருந்ததில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகப் பேசி வைத்திருந்தோம். திங்கட்கிழமை இரவு பத்தரை மணி வாக்கில் என் தாயாருக்கு மூச்சுத் திணறல் வந்து மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. போகும் வழியிலேயே, “நாளைக் காலையில் நான் இருக்க மாட்டேன், மாலையில் வைத்துக்கொள்ளலாமா?” என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பதில் வரவில்லை, இருந்த பதற்றத்தில் நானும் அதை மறந்துவிட்டேன். அவரோ மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து, பூட்டிய வாயிலுக்கு வெளியே முக்கால் மணி நேரம் காத்திருந்து, இரண்டு முறை என்னை அழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். என் கைப்பேசியின் ஒலியை அடக்கி வைத்திருந்ததால் அந்த அழைப்புகள் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே நான்கு லாடங்களுக்கான முழுக் கூலியையும் கேட்டு பில் அனுப்பினார். ஓர் ஆணி கூட அடிக்காத வேலைக்கு முழுக் கூலியா என்று கேட்டேன். அதோடு, முந்தைய முறை அவர் அடித்த லாடங்களில் இடது முன்னங்கால் லாடம் பன்னிரண்டாம் நாளே கழன்று விழுந்ததையும், அந்தக் காலுக்கு வேறு லாடம் அடித்ததற்குத் தனிக் கூலி வாங்கிக்கொண்டதையும் எடுத்துச் சொல்லி, அந்தத் தொகையையாவது இதில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கோபப்பட்டு, முழுப் பணமும் வந்து சேரும் வரை உங்கள் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒன்பதாவது வாரம் நடக்கிறது. குளம்பின் வெளிச்சுவரில் மடக்கி விட்டிருந்த ஆணி முனைகள் மேலெழும்பி நிற்கின்றன. அதே இடது முன்னங்காலில் இப்போதுள்ள லாடத்தைக் கையால் அசைத்தால் மெல்ல ஆடுகிறது. முழுத் தொகையையும் நான் கொடுக்கத்தான் வேண்டுமா, பழைய கணக்கைக் கழிப்பது முறையா, இது தீரும் முன் வேறொருவரை அழைத்தால் நானே உறவை முறித்ததாக ஆகிவிடுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையஉலை எழுதியது:

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஆடும் லாடத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. லாடம் அடித்த குளம்பு தரையில் தேயாது என்பதால் வளர்ந்ததெல்லாம் அப்படியே நிற்கும். முன்முனை நீளும், லாடம் குளம்போடு சேர்ந்து முன்னால் நகரும், அதன் பின்முனைகள் குதிகாலைத் தாங்க வேண்டிய இடத்தை விட்டு உள்ளே வந்து அடிப்பகுதியை அழுத்தத் தொடங்கும். ஒன்பது வாரம் ஆகி, ஆணி முனைகளும் எழும்பிய நிலையில், பாதி கழன்ற லாடத்தைக் குதிரை தானே மிதித்தால் ஆணி உள்ளங்குளம்பில் ஏறிவிடும். குதிரைகளுக்கு இரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வரும் என்பதால் அப்படி ஒரு குத்துக் காயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டியிருக்கும். எனவே ஏறிச் சவாரி செய்வதை இன்றே நிறுத்திவிட்டு, கொட்டிலிலேயே கட்டி வையுங்கள். அந்த ஒரு லாடத்தையாவது தெரிந்த ஒருவரைக் கொண்டு கழற்றிவிடுங்கள். எழும்பிய முனைகளை நிமிர்த்தாமல் குறடு போட்டு இழுத்தால் குளம்புச் சுவர் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும், பிறகு புது ஆணி பிடிக்க இடம் இருக்காது. அதனால் பழக்கமில்லாமல் நீங்களே முயல வேண்டாம்.

இனி கூலி. நீங்கள் இல்லாத அந்தக் காலையில் அவர் இழந்தது, வந்து போன செலவும், காத்திருந்த நேரமும், அந்த நேரத்தில் வேறு குதிரைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் வரும்படியும். நான்கு காலுக்கும் லாடம் அடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவருக்கும் அப்படித்தான் இருக்கும். காலை ஏழு மணி வேலையை நான் யாருக்காவது ஒதுக்கி வைத்தால், அதே ஏழு மணியைக் கேட்ட இன்னொருவரிடம் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவர் இழக்காதது இரும்பும் ஆணியும் இடுப்பு வலியும். குனிந்து குதிரையின் காலை மடியில் தாங்கியபடி செய்யும் வேலை என்பதால் அந்தக் கடைசிச் சொல்லை வேடிக்கைக்காக எழுதவில்லை. ஆகவே செய்யாத வேலைக்கு முழுக் கூலி கேட்பது எனக்கே நியாயமாகப் படவில்லை. ஒன்றும் தர மாட்டேன் என்பதும் நியாயமில்லை. நீங்கள் அனுப்பிய செய்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரவு பத்தரைக்கு நான் தூங்கிவிடுவேன், விடிந்ததும் வண்டியை எடுத்துவிடுவேன். எதிர்ப்பக்கம் சரி என்று சொல்லாதவரை அந்தச் செய்தி வேலையை ரத்து செய்ததாக ஆகாது. அது அவர் கைப்பேசியை எப்போது போய்ச் சேர்ந்தது என்று பார்த்தீர்களா?

கழன்ற லாடத்தை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு நாளில் விழுந்தது என்பதாலேயே அடித்தவர் மேல் பழி சொல்ல முடியாது. ஆணி முறையாகப் பிடிக்காமல் தளர்ந்து வந்த லாடம் பெரும்பாலும் நேராகவே இருக்கும். பின்னங்கால் முன்னங்கால் லாடத்தின் பின்முனையை மிதித்து இழுத்திருந்தால் அந்த முனை வளைந்திருக்கும், மிதிபட்ட தழும்பும் தெரியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

குதிரையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட சிறு கணக்குத் தகராறுகள் பலவற்றில் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பதிவில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன: செவ்வாய்க்கிழமை வருகைக்கான தொகை, போன முறை கழன்ற லாடத்துக்குக் கொடுத்த தொகை, இனிமேல் அவர் வருவாரா என்பது. இவற்றைப் பிரிக்காமல் பேசினால் ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றைக் காட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

முதலாவதில் கேட்க வேண்டிய கேள்வி, குறித்த வேலையைத் தவறவிட்டால் இவ்வளவு என்று முன்பே பேசி வைத்திருந்தீர்களா என்பதுதான். அப்படிப் பேசி, நீங்களும் மறுக்காமல் வேலை வாங்கி வந்திருந்தால், அந்தப் பேச்சு வாய்மொழியாகவே இருந்தாலும் மதிப்புள்ளது. எதுவும் பேசவில்லை என்றால், அவர் கேட்கக்கூடியது அவருக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பை. அந்த இழப்பைக் குறைக்க அவரும் முயன்றிருக்க வேண்டும். அந்தக் காலையில் அவர் வேறு குதிரைக்குப் போய்க் கூலி வாங்கியிருந்தால், அந்த அளவுக்கு உங்கள் மேல் உள்ள பாரம் குறையும். இரண்டாவது தொகையை நீங்கள் அப்போது மறுப்பில்லாமல் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்து முடித்ததை இன்னொரு தகராறு வந்த பிறகு தோண்டி எடுத்தால், நியாயமே இருந்தாலும் சாக்குப் போலத்தான் தோன்றும்.

கோபம் தணிய ஒரு நாள் விட்டு, இந்த மாதிரி எழுதிப் பாருங்கள்:

“செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்து காத்திருந்து திரும்பியதற்கு நானே காரணம், வருந்துகிறேன். என் செய்திக்குப் பதில் வராதபோது நான் அழைத்துப் பேசியிருக்க வேண்டும். அன்று நீங்கள் வந்து போன செலவையும் காத்திருந்த நேரத்துக்கான கூலியையும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அது எவ்வளவு என்று தெரிவித்தால் உடனே அனுப்புகிறேன். லாடத்துக்கும் ஆணிக்கும் செய்யப்படாத வேலைக்கும் உரிய பகுதியைத் தவிர்த்துக் கணக்கிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

பணம் அனுப்பும்போது, இது முழுத் தீர்வாகத் தரப்படுகிறது என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. சமூக வலைத்தளத்தில் அவரைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

ஒற்றைக்குதிரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. இடது முன்னங்கால் லாடத்தைப் பக்கத்துக் கொட்டிலுக்கு வந்திருந்த வேறொரு லாடக்காரர் நேற்று மாலை கழற்றிக் கொடுத்தார். குதிரை இப்போது காய்ந்த வைக்கோல் படுக்கையில் நிற்கிறது.

நீங்கள் கேட்டவற்றைத் தேடிப் பார்த்ததில் என் பக்கம் நான் நினைத்த அளவுக்கு வலுவாக இல்லை. திங்கள் இரவு அனுப்பிய செய்தியை அழுத்தி விவரம் பார்த்தேன். மறுநாள் காலை 8.05 மணிக்குத்தான் அவர் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதாவது அவர் திரும்பிப் போன பிறகு. போன முறை விழுந்த லாடம் சேண அறையின் அலமாரியில் கிடந்தது. அதன் உள்பக்கப் பின்முனை நன்றாகவே வளைந்து, ஓரத்தில் பளபளவென்று தேய்ந்த தடமும் இருக்கிறது. மூன்றாவதாக, பழைய உரையாடலை மேலே தள்ளிக்கொண்டே போனதில், சென்ற ஆண்டு அவர் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பிய ஒரு செய்தி கிடைத்தது: ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல் வேலையை ரத்து செய்தால் பாதிக் கூலி தர வேண்டியிருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நான் போட்டிருப்பது ஒரு கட்டைவிரல் குறி. போட்டது எனக்கு நினைவே இல்லை.

லாயத்துவாசி எழுதியது:

அந்தக் கட்டைவிரல் போதும், பாதிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அதே செய்தி அவரையும் கட்டுப்படுத்துகிறது. பாதி என்று தானே எழுதிவிட்டு முழுதும் கேட்க அவருக்கு இடமில்லை. அந்தச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பும்போது “நீங்களே எழுதியதைப் பாருங்கள்” என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். “உங்கள் விதிப்படி நான் தர வேண்டியது இது” என்று எழுதினால் அதே படம் சமாதானமாகப் போய்ச் சேரும்.

முழுத் தீர்வு என்ற வரியைச் சேர்க்கும்படி மேலே ஒருவர் சொல்லியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரியப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். மூன்று ஆண்டாகக் குதிரையின் நான்கு குளம்புகளின் அளவையும் அதன் நடையையும் மனப்பாடமாக வைத்திருப்பவரைத் திரும்ப வரவழைக்க நினைக்கும்போது, வக்கீல் நோட்டீஸ் போல ஒரு வரி எதற்கு? நான் பதினைந்து குதிரைகள் உள்ள லாயத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நல்ல லாடக்காரர் கிடைப்பதற்கு நல்ல குதிரை கிடைப்பதைவிட நாளாகும்.

வேறொருவரை அழைப்பதில் தவறில்லை, அவர் வர மறுத்த பிறகு உங்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் முழு வேலைக்குப் புதியவரை அழைப்பதாக இருந்தால், பழையவரோடு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்பதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பிறகு வேறு வாயிலிருந்து கேள்விப்பட்டால் புதியவரும் யோசிப்பார்.

அடுத்த முறைக்கு, ஒரு நாள் முன்னதாக மாலையில் நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். வாயில் சாவி ஒன்று நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும், அவர் குதிரையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவராகவும் இருக்கட்டும். கால்கள் கழுவிக் காய்ந்திருக்க, சமமான தரையில் நிழலில் கட்டி வைத்திருந்தால், நீங்கள் மருத்துவமனையில் இருந்தாலும் வேலை நடந்திருக்கும். முனை வளைந்தது என்றீர்களே, திறந்தவெளியில் விடும்போது முன்னங்குளம்புகளுக்கு மணி வடிவ ரப்பர் காப்பு மாட்டி விடுங்கள்.

ஒற்றைக்குதிரை எழுதியது:

பாதிக் கூலியை அனுப்பி, கணக்குப்பிள்ளை ஐயா எழுதிக் கொடுத்ததன் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வளைந்த லாடத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்; பழைய கணக்கைக் கேட்டது தவறு என்றும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. இன்று காலை அழைத்தார். முழுக் கூலி கேட்டதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனி ஒவ்வொரு முறையும் பாதியை முன்பணமாகத் தந்தால்தான் நேரம் ஒதுக்குவேன் என்றார். மூன்று ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அப்படியானால் அவர் வராமல் போனால் என்ன என்று கேட்டேன். அந்த முன்பணம் திரும்ப வரும், அடுத்த இரண்டு நாளுக்குள் கட்டாயம் வந்து அடித்துத் தருவேன் என்றார். இந்த முறை இருவரும் அதை எழுதியே அனுப்பிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறார். வாயில் சாவியை என் தம்பியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.