மறு: சாம்ப்ளரில் பாட்டைக் கோக்கும் முறை – சீக்வென்ஸ், ரிப்பீட், காப்பி

வணக்கம். சாம்ப்ளர் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி ஐயா எழுதியதற்குப் பதில் இது.

> சீக்வென்ஸ், லூப், ரிப்பீட் மூன்றுக்கும் 'சுழற்சி' என்றே வைத்துவிடலாம். இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள்.

ஐயா, சொல் நல்ல சொல்தான். ஆனால் மூன்றையும் அதற்குள் அடக்கினால், எம்பிசியை (ஒலிகளைப் பதிந்துவைத்து, பேடு என்ற பொத்தான்களைத் தட்டி வாசிக்கும் அகாய் சாம்ப்ளரை) முதல்முறையாகத் தொடுகிற ஒரு பையனுக்கு நம் கையேடு உதவாது. அவன் குழம்பும் இடமே இதுதான்.

கருவியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்பிசி 60இல் 99 சீக்வென்ஸ் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் இரண்டு பார் (தாளச் சுற்று), நான்கு பார் என்று நாம் பேடில் தட்டிப் பதிந்த ஒரு துண்டு. முழுப் பாட்டைக் கோக்கும் சாங் மோடில் இந்தத் துண்டுகளை ஸ்டெப் ஸ்டெப்பாக அடுக்குகிறோம். ஒரு ஸ்டெப்பில் முக்கியமாக இரண்டு விவரம்தான்: எத்தனையாவது சீக்வென்ஸ், எத்தனை தடவை.

முதல் ஸ்டெப்பில் 1ஆம் சீக்வென்ஸ் 2 தடவை, அடுத்ததில் 2ஆம் சீக்வென்ஸ் 4 தடவை, அப்புறம் மறுபடியும் 1 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கடைசியாக வரும் 1இல் மட்டும் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) வேண்டாம் என்று தோன்றுகிறது. நேராக 1ஐத் திறந்து கிக்கை அழித்தால் பாட்டின் தொடக்கத்திலும் கிக் போய்விடும். ஸ்டெப்பில் இருப்பது சீக்வென்ஸ் அல்ல, அதன் எண் மட்டுமே. அதனால் 1ஐ, காலியாக இருக்கும் 3க்குக் காப்பி செய்து, 3இல் கிக்கை அழித்துவிட்டு, கடைசி ஸ்டெப்பில் 1 என்பதை 3 என்று மாற்ற வேண்டும்.

ஆக, ரிப்பீட் என்றால் இருப்பதையே திரும்ப அழைப்பது. காப்பி என்றால் இனித் தன் வழியில் போகப்போகிற இன்னொன்றை உண்டாக்குவது. ஒரு முழுப் பாட்டும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உருவாகிறது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் சொல்லாவது பிரித்துக் காட்ட வேண்டும்.

இந்த வேலை சாம்ப்ளருக்கும் முந்தியது. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப்-ஹாப் முன்னோடி டிஜே கூல் ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் டிரம் பகுதி ஓடும்போது மற்றதைப் பின்னுக்கு இழுத்துத் தயாராக வைப்பார். சில விநாடி டிரம்ஸ் பல நிமிடம் நீண்டது. அங்கே இரண்டாவது பிரதி இல்லாமல் திரும்ப வருவதே இல்லை. எம்பிசியில் திரும்ப அழைப்பதும் பிரதி எடுப்பதும் தனித்தனி வேலையாகப் பிரிந்துவிட்டன.

சீக்வென்ஸுக்கு என் பரிந்துரை 'கண்ணி'. அகாய் சீக்வென்ஸ் என்பதை இ-மியூ நிறுவனத்தின் எஸ்பி-1200 சாம்ப்ளரில் செக்மென்ட் என்கிறார்கள், ரோலண்ட் கருவிகளில் பேட்டர்ன். எந்த நிறுவனச் சொல்லையும் மொழிபெயர்க்காமல் மூன்றுக்கும் பொருந்துகிற ஒன்று வேண்டும். தாயுமானவரின் பராபரக்கண்ணியில் இரண்டிரண்டு அடியாகத் தனித்து நிற்கும் அலகுக்குக் கண்ணி என்றே பெயர். சங்கிலியின் ஒரு வளையமும் கண்ணிதான். தனியாக முழுமை, கோத்தால் தொடர். இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கண்ணிகளை அடுக்கிய பட்டியலுக்கு, அதாவது சாங் என்பதற்கு, 'கோவை'.

> காப்பிக்கு 'நகல்' வேண்டாமே, அது வெளிச்சொல். 'படி' இருக்கிறதே?

படியெடுத்தல் அருமையான வழக்குதான். ஆனால் ஸ்டெப்புக்கும் 'படி' என்றுதான் எழுதியாக வேண்டும். 'மூன்றாம் படியில் உள்ள கண்ணியைப் படியெடுத்து' என்று ஒரு வரி எழுதினால் யாருக்குப் புரியும்? ஸ்டெப் 'படி', காப்பி 'நகல்' என்றே இருக்கட்டும். நகல் எடுப்பது தெருவுக்குத் தெரு நடக்கிறது, யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ரிப்பீட்டுக்கு 'மீள்வு'. எண்ணிக்கையைச் சொல்லும்போது 'தடவை' போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. எம்பிசியில் முழு சாங்கையும் ஒரே நீண்ட சீக்வென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். பாட்டு நெடுக ஒரு கீபோர்டு வரியை நிறுத்தாமல் வாசித்துப் பதிய இது அவசியம். மாற்றிய பிறகு எண்ணால் அழைக்கும் தொடர்பு அறுந்துவிடும், ஒவ்வொரு இடத்தையும் தனியாகத் திருத்தலாம். இதற்கு 'விரிப்பு' என்கிறேன். கோவையை விரித்தால் ஒரு நெடுங்கண்ணி.

ஐயா சொன்ன 'சுழற்சி'யையும் விட மனமில்லை. பதிந்த ஒலிக்குள்ளேயே ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி வரை திரும்பத் திரும்ப ஓட விடுகிறோமே, அந்த சாம்ப்பிள் லூப்புக்கு அதை வைக்கலாம். அங்கே அது கச்சிதமாக உட்காருகிறது.

டிராக் மியூட்டுக்கு, அதாவது சீக்வென்ஸுக்குள் தனித்தனியாகப் பதிந்த வரிகளில் (டிராக்) ஒன்றை ஒலிக்காமல் நிறுத்திவைப்பதற்கு, மட்டும் இன்னும் சொல் தேறவில்லை. நகலே எடுக்காமல், சில டிராக்குகளை அணைத்து அணைத்தே பாட்டை நடத்துபவர்கள் நிறைய இருப்பதால் அதை அவசரமாக முடிக்கக்கூடாது. 'அடக்கு', 'அணை' இரண்டும் கையில் இருக்கின்றன. மெல்லிசைக் குழுக்களில் ஆக்டோபேட் (மின்னணு டிரம் பேடு) வாசிக்கிறவர்கள் நம்மிடையே இருந்தால், ஒத்திகையில் 'இந்தக் கண்ணி இன்னும் ரெண்டு தடவை, பேஸை அடக்கு' என்று சொல்லிப் பார்த்து, நாக்கில் எது தடையில்லாமல் வருகிறது என்று எழுதுங்கள்.