இஇஜி முன்னோட்டம்: எட்டு சானலிலும் இரைச்சல், பி300 எழவே மாட்டேங்குது. கேப் கோளாறா, நாங்க கோளாறா?

நாலுபேர்_குழு:
வணக்கம். நாங்கள் நான்கு மாணவர்கள், கவனம் பற்றி மூளை அலையை (இஇஜி) வைத்து ஒரு சின்ன ஆய்வு. 8 சானல் வயர்லெஸ் கேப், ஜெல் எலக்ட்ரோடு, வினாடிக்கு 250 மாதிரி. திரையில் வட்டமும் சதுரமும் மாறி மாறி வரும், சதுரம் வந்தால் பட்டனை அழுத்தணும். சதுரத்துக்கு மட்டும் பி300 (கவனித்துக் காத்திருக்கும் இலக்கைக் கண்டதும் எழும் மூளை அலை) பெரிதாக எழும் என்பது எதிர்பார்ப்பு. அடுத்த திங்கள் முதல் பங்கேற்பாளர் வருகிறார். இதுவரை ஒருத்தர் தலையில் இன்னொருத்தர் மாட்டித்தான் பழகினோம்.

இரண்டு தொல்லை. ஒன்று, எட்டு சானலிலும் தடித்த கம்பளிப்பூச்சி மாதிரி அலை. ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை என்ற படம்) போட்டால் 50 ஹெர்ட்ஸில், அதாவது வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணில், ஒரே ஊசி. அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டால் பார்க்க அழகாகிறது, ஆனால் உள்ளே மூளை அலை என்று எதுவும் இல்லை. இரண்டு, படம் வந்த நேரத்தைக் குறிக்கும் மார்க்கர் வைத்து அலையை வெட்டி சராசரி எடுத்தால் வட்டத்தின் கோடும் சதுரத்தின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கு.

அறையை மாத்தியாச்சு. ஃபோனை எல்லாம் அணைச்சாச்சு. ஜெல்லையும் தாராளமா ஊத்தியாச்சு.

பழைய_லேப்காரி:
முதல்ல ஜெல் ஊத்துறதை நிறுத்துங்க. பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடு ஜெல் ரெண்டும் கலந்து ஒட்டிக்கிட்டா ரெண்டு சானலும் ஒரே அலையைத்தான் காட்டும், நீங்க அதை ஒற்றுமைன்னு நினைச்சுப்பீங்க.

பி300-ஐ இப்போதைக்கு மறந்துடுங்க. ஒருத்தரை உட்கார வைங்க. கண் திறந்து ஒரு நிமிஷம், மூடி ஒரு நிமிஷம். பின்மண்டையில, ஓஇஸட்னு சொல்ற எலக்ட்ரோடு பக்கம், மூடினதும் 8 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள்ள ஆல்பா அலை எழணும். பெரும்பாலானவங்களுக்கு வெறும் கண்ணுக்கே தெரியும். ஹான்ஸ் பெர்கர் 1929-ல வெளியிட்டது இந்த அலையைத்தான், அதுவும் அந்தக் காலத்துக் கருவியை வெச்சு. அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலைன்னா எங்கேயோ கம்பி சரியில்லை.

இம்பிடன்ஸ், அதாவது எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவுல உள்ள மின்தடை, எவ்வளவு காட்டுது? எட்டுக்கும் தனித்தனியா சொல்லுங்க.

நாலுபேர்_குழு:
அக்கா, எட்டுமே 80 கிலோ ஓமுக்குப் பக்கத்துல. குறைஞ்சது 76, அதிகபட்சம் 84. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதே கம்பளிப்பூச்சிதான்.

சிக்னல்_சித்தர்:
எட்டும் ஒரே மாதிரி கெட்டிருக்கா? அப்போ எட்டு மேலயும் தப்பு இருக்காது. தலையில எட்டு இடத்துல ஒரே அளவுக்கு மோசமா மாட்ட யாராலயும் முடியாது. ஒவ்வொரு சானலும் காட்டுறது அந்த இடத்துக்கும் ரெஃபரன்ஸுக்கும் (எல்லாத்துக்கும் பொதுவா ஒப்பிட வைக்கிற எலக்ட்ரோடு) உள்ள வித்தியாசத்தை. ரெஃபரன்ஸ் தொடுப்பு கெட்டா அந்தக் குப்பை எல்லா சானலுக்கும் பங்கு போகும். உங்க ரெஃபரன்ஸ் எங்க இருக்கு? காது கிளிப்பா? கழட்டி உள்பக்கத்தைப் பாருங்க. கிரவுண்டு எலக்ட்ரோடையும் அப்படியே.

அப்புறம் நாற்காலிக்குக் கீழே பிளக் பலகை எதுவும் கிடக்கா? கேப் வயர்லெஸ்தான், ஆனா உட்கார்ந்திருக்கிறவர் உடம்பே ஆன்டெனா. பலகையையும் சார்ஜரையும் தள்ளி வைங்க. நாட்ச் ஃபில்டர் கடைசியா போட வேண்டியது. முதல்லயே போட்டா நோயை விட்டுட்டு வலிக்கு மருந்து தின்ன மாதிரி.

கையில்_ஜெல்:
எவ்வளவு முயன்றாலும் 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும்வரை விடாதீர்கள். தோலை நன்றாகத் தேய்த்துவிட்டால் இறங்கிவிடும்.

பழைய_லேப்காரி:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்த 5 பழைய ஆம்ப்ளிஃபயர் காலத்துக் கணக்கு. இப்போ வர்ற பல கருவிகளுக்கு உள்ளீட்டு இம்பிடன்ஸ் ரொம்ப அதிகம், அதனால 20, சிலதுக்கு அதுக்கு மேலயும் தாங்கும். உங்க கேப்போட கையேட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் எல்லை. தோல் சிவக்கத் தேய்ச்சு ரத்தம் கசிஞ்சா தொற்று பயம் வேற. முடியை மெதுவா ரெண்டா விலக்கி, மொட்டை ஊசியால ஜெல்லைத் தோல்ல படுற மாதிரி விட்டு, லேசா ஒரு சுழற்று. போதும்.

நாலுபேர்_குழு:
கண்டுபிடிச்சிட்டோம்! காது கிளிப்பின் உள்வட்டத்தில் பழைய ஜெல் காய்ந்து, வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் ஓடு மாதிரி வந்தது. எங்களுக்கு முன்னாடி யாரோ கழுவாமல் வைத்திருக்காங்க. வெந்நீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காதுமடலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மாட்டினோம். எட்டில் ஏழு, 9 முதல் 16-க்குள் வந்துவிட்டது. மிச்சம் ஒன்று 31, அது தலைமுடிச் சிக்குக்குள்ள மாட்டியிருக்கு.

பிளக் பலகை, நீங்கள் சொன்ன இடத்திலேயேதான் இருந்தது சார். எப்படித் தெரியும்?

கண்ணை மூடியதும் ஓஇஸட்டில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் அலை எழுந்தது, திறந்ததும் படுத்தது. நாலு பேரும் கத்திட்டோம், கத்தினது தாடைத் தசை அலையாக அப்படியே பதிவாகியிருக்கு.

ஆனால் பி300 இன்னும் இல்லை.

மார்க்கர்_பித்தன்:
“மாறி மாறி” என்று எழுதியிருந்தீர்களே, அது பேச்சு வழக்கா, நிஜமாகவே வட்டம், சதுரம், வட்டம், சதுரம் என்றா வருகிறது? நூற்றில் எத்தனை சதுரம்?

நாலுபேர்_குழு:
நிஜமாகவே அப்படித்தான். பாதிக்குப் பாதி. ரெண்டு பக்கமும் சம எண்ணிக்கை இருந்தால் ஒப்பிட நல்லது என்று நினைத்தோம்.

மார்க்கர்_பித்தன்:
அடுத்தது சதுரம் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிந்தால் அது ஏன் மெனக்கெடும்? அரிதாக, எப்போது என்று தெரியாமல் வருகிற இலக்குக்குத்தான் பி300 பெரிதாக எழும். சதுரத்தை 20 சதவீதம் ஆக்குங்கள், வரிசையைக் கலைத்துவிடுங்கள். கண் சிமிட்டல் கலந்ததைக் கழித்த பிறகும் 40 சதுரமாவது கையில் நிற்க வேண்டும் என்றால், ஒருவருக்கு 250 படமாவது காட்ட வேண்டியிருக்கும். நடுவில் இடைவேளை விடுங்கள், தூங்கி வழிகிற ஆளிடம் கவனத்தை அளக்க முடியாது. பார்க்க வேண்டிய இடம் பிஇஸட் (உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால்), நேரம் படம் வந்து சுமார் 300 முதல் 600 மில்லிசெகண்ட். சரியாக 300-இல் நிற்கும் என்று பெயரை நம்பிவிடாதீர்கள்.

மெதுவான அலைகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் எத்தனை ஹெர்ட்ஸ்? மார்க்கரை நிரலில் எந்த வரியில் அனுப்புகிறீர்கள்?

நாலுபேர்_குழு:
ஹை-பாஸ் 1 ஹெர்ட்ஸ். படத்தை வரையச் சொல்லும் கட்டளைக்கு அடுத்த வரியில் மார்க்கர்.

மார்க்கர்_பித்தன்:
பி300 மெதுவான அலை, 1 ஹெர்ட்ஸில் வெட்டினால் அதன் உடம்பே குறைந்துபோகும், பக்கத்தில் இல்லாத பள்ளமும் முளைக்கும். 0.1-க்கு இறக்குங்கள்.

வரையச் சொன்னதும் படம் திரைக்கு வந்துவிடாது. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். திரை மாறிய கணத்தில் மார்க்கர் போகிற மாதிரி எழுதுங்கள். வயர்லெஸ் தாமதம் தனி. அது எப்போதும் ஒரே அளவு என்றால் கழித்துவிடலாம், முறைக்கு முறை ஆடினால் சராசரி கரைந்துபோகும். திரை மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம், அதன் மேல் ஒளி உணரி, அதன் வெளியீடு கேப்பின் உதிரி உள்ளீட்டுக்கு. கருவி அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இணையுங்கள். தாமதத்தை இப்படி அளந்து பார்க்காமல் முதல் ஆளை உட்கார வைக்காதீர்கள்.

பழைய_லேப்காரி:
முதல் ஆள்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. நெறிமுறைக் குழு அனுமதி கையில வந்தாச்சா?

நாலுபேர்_குழு:
விண்ணப்பம் போட்டாச்சு அக்கா, பதில் வரலை. திங்களுக்குள் வந்துடும்னு…

பழைய_லேப்காரி:
வந்துடும்னு நினைச்சு ஆளைக் கூப்பிடாதீங்க. தேதியைத் தள்ளி வைங்க. அனுமதிக்கு முன்னாடி எடுத்த பதிவு, எவ்வளவு சுத்தமா இருந்தாலும் ஆய்வுல சேர்க்க முடியாது. ஒப்புதல் படிவத்துல இது மருத்துவப் பரிசோதனை இல்லைன்னு தெளிவா ஒரு வரி போடுங்க. கேப்பைக் கழட்டினதும் பாதிப் பேர் கேக்குறது “என் மூளை நல்லா இருக்கா?”ன்னுதான். அதுக்கு நீங்க பதில் சொல்லக் கூடாது. தலைக்கு எண்ணெய், கண்டிஷனர் இல்லாம வரச் சொல்லி அழைப்புலயே எழுதிடுங்க.

நாலுபேர்_குழு:
திங்களைத் தள்ளி வைச்சாச்சு. மேற்பார்வையாளர் திட்டவில்லை, “இப்பவாவது தோணுச்சே” என்றார்.

20 சதவீதம், கலைத்த வரிசை, 0.1 ஹெர்ட்ஸ் எல்லாம் போட்டு எங்கள் நாலு பேரிலும் ஓட்டினோம். மூன்று பேருக்கு பிஇஸட்டில் சதுரத்தின் கோடு 380 மில்லிசெகண்ட் பக்கம் மேட்டில் ஏறி நிற்குது, வட்டத்தின் கோடு தரையில். நாலாவது ஆளுக்கு மட்டும் சதுரம் வரும்போதெல்லாம் முள்முள்ளாக இரைச்சல். வீடியோவைப் பார்த்தால் பட்டனை அழுத்தும்போது ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கிறான். அவனுக்கே தெரியலை. இனி “வாயை லேசா திறந்து, தாடையைத் தளர்த்தி உட்காருங்க” என்பதையும் அறிவுறுத்தலில் சேர்க்கிறோம்.

ஒளி உணரி நாளைக்குக் கைக்கு வருது. தாமதம் ஆடுதா நிற்குதா என்று அளந்துட்டு இங்கேயே எழுதுறேன்.