கடிக்குமா, கடிக்காதா? (வோல்பாக்கியா கொசு)

தும்பி:
நேற்று இன்னொரு இழையில் கூர்வாள் எழுதியது இது: "பாக்டீரியாவால் கொசுவை அடக்குகிறேன் என்று கொசுவையே வளர்த்து விடுகிறார்கள். நாளைக்கு அது நம் ரத்தத்தில் ஓடும்." அதற்கு நாற்பது பேர் கைதட்டல் வேறு. வோல்பாக்கியா பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா. பழ ஈயில் இருந்ததை எடுத்து, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் முட்டைக்குள் ஏற்றினார்கள். அப்போதுதான் இட்ட முட்டை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். கறுத்து இறுகுவதற்குள் கண்ணாடி ஊசியால் குத்த வேண்டும். அப்படி உருவான கொசுவுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. அந்த பாக்டீரியா தாய் வழியாக அடுத்த தலைமுறைக்கும் போய்விடும். இதில் ரத்தம் எங்கே வந்தது?

கூர்வாள்:
ஊசி கதையெல்லாம் அருமை. ஒரே கேள்வி. நீங்கள் விடும் கொசு கடிக்குமா, கடிக்காதா?

தும்பி:
பெண் கொசு கடிக்கும். டெங்குவைக் கொடுப்பதுதான் பெரிதும் குறையும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஊரை 24 பகுதிகளாகப் பிரித்து 12இல் மட்டும் முட்டைகளை வைத்தார்கள். காய்ச்சலோடு வந்தவர்களில் டெங்கு உறுதியானது கொசு விடாத பகுதியில் 9.4 சதவீதம், விட்ட பகுதியில் 2.3. 2021இல் வெளியான முடிவு. 77 சதவீதப் பாதுகாப்பு.

கூர்வாள்:
ஆக, கடிக்கும். இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

ஈசல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். சிங்கப்பூரில் வோல்பாக்கியா ஏற்றிய ஆண் கொசுவை மட்டும் விடுகிறார்கள். அது கடிக்காது, அதோடு கூடிய, வோல்பாக்கியா இல்லாத பெண்ணின் முட்டை பொரியாது. தப்பித்தவறிக் கலந்துவிடும் பெண்களை மலடாக்க எக்ஸ்ரே கதிர் வேறு காட்டுகிறார்கள். யோக்யகர்த்தாவில் கொசுவைக் குறைப்பதே நோக்கமில்லை, ஊர்க் கொசுவை வோல்பாக்கியா உள்ள கொசுவாக மாற்றி வைப்பதுதான். "கட்டுப்பாடு" என்றால் எது என்று முதலில் பேசிவிட்டால்...

கூர்வாள்:
ஒரு ஊரில் கடிக்கும், இன்னொரு ஊரில் கடிக்காது. நன்றி ஈசல், என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

அரைக்கிணறு:
பாக்டீரியா என்றாலே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பி.டி.ஐ. என்று கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாத் தூள் வாங்கி வாளித் தண்ணீரில் போட்டேன். புழு செத்தது உண்மை. ஆனால் கமா போல வளைந்து துள்ளுகிறதே, அது அப்படியே இருக்கிறது. காசு தண்டம்.

தும்பி:
அது கூட்டுப்புழு. அந்தப் பருவத்தில் எதையும் தின்னாது. பி.டி.ஐ. வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். புழுவின் காரத்தன்மை உள்ள குடலில் அதன் புரதப் படிகம் கரைந்து குடல் சுவரை ஓட்டையாக்கும். அதுவும் வோல்பாக்கியாவும் ஒன்றில்லை.

அரைக்கிணறு:
அப்படியென்றால் டப்பாவில் எழுதியிருக்க வேண்டாமா?

கூர்வாள்:
டப்பாவில் எழுதமாட்டார்கள், தும்பி மாதிரி ஆட்கள்தான் எழுதுவார்கள். வேப்ப எண்ணெய் இழையில் என்னை 'அறிவியல் தெரியாதவர்' என்றவர்தானே நீங்கள்? கடிக்கும் கொசுவை விடுவதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

தும்பி:
வேப்ப எண்ணெயை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? சரி, கேளுங்கள். சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவில் வோல்பாக்கியா இயற்கையாகவே உண்டு. 1924இல் முதன்முதலில் கண்டுபிடித்ததே க்யூலெக்ஸ் இனக் கொசு ஒன்றில்தான். பிறந்த நாளிலிருந்து அந்தக் கடியை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ரத்தத்தில் ஓடியதா?

கூர்வாள்:
வந்தீர்களா வழிக்கு! அதே க்யூலெக்ஸ்தானே யானைக்கால் பரப்புகிறது? வோல்பாக்கியா உள்ளே உட்கார்ந்து என்ன செய்தது, வேடிக்கை பார்த்ததா?

ஈசல்:
கேள்வி சுவாரசியமானதுதான். யானைக்கால் வைரஸ் இல்லை, புழு. அந்தப் புழுவுக்குள்ளேயே தனியாக ஒரு வோல்பாக்கியா உண்டு என்பது இன்னும் வேடிக்கை. தவிர, காலங்காலமாக ஒட்டி வாழும் பாக்டீரியா வேறு, புதிதாகக் குடியேற்றியது வேறு. புதிதாக வந்ததுதான் வைரஸுக்கு அதிக இடைஞ்சல் தருகிறது.

கூர்வாள்:
புதிது என்கிறீர்கள். பழகிவிட்டால்? அதுவும் வேடிக்கை பார்க்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

தும்பி:
ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் 2011இல் விட்டது. கொசுக்களில் இன்னும் நிலைத்து நிற்கிறது, அங்கே உள்ளூர் டெங்குப் பரவல் அநேகமாக நின்றே போனது. புதுச்சேரி ஆய்வு மையமும் இந்தியக் கொசுவில் ஏற்றித் தயாரித்துவிட்டதாக 2022இல் அறிவித்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கூர்வாள்:
அநேகமாக. சரியாகப் பெருகுவதில்லை. பெரிதும் குறையும். உங்கள் வாயிலிருந்து முழுதாக ஒரு வாக்கியம் வரவே வராதா? 77 போக மிச்சம் 23 யார் வீட்டுப் பிள்ளை? நான் கேட்டது கடி. நீங்கள் சொல்வது கணக்கு.

ஈசல்:
77 சதவீதம் என்றால் மிச்சம் 23 பேருக்கு டெங்கு வரும் என்று அர்த்தம் இல்லை...

கூர்வாள்:
வகுப்பு வேண்டாம் வாத்தியாரே. நீங்கள் 'வோல்பாக்கியா' என்கிறீர்கள், போன மாதம் 'உல்பேச்சியா' என்று எழுதினீர்கள். பெயரையே முடிவு செய்யாதவர்கள் ஊருக்குள் கொசு விடக் கிளம்பிவிட்டீர்கள்.

ஈசல்:
அது தட்டச்சுப் பிழை. அப்போதே திருத்தினேன்.

கூர்வாள்:
திருத்துவதற்கு முன் நான் படித்துவிட்டேன்.

தும்பி:
குறை சொல்ல வேண்டுமென்றால் உருப்படியாகச் சொல்லுங்கள். பழ ஈயிலிருந்து வந்த வகை கடும் வெயிலில் கொசுப்புழுவின் உடம்பில் குறைந்துபோகிறது. அதனால்தான் கோலாலம்பூரில் சூடு தாங்கும் வேறு வகையை எடுத்தார்கள். இதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? கடி, கடி, கடி!

கூர்வாள்:
வெயில் அடித்தால் வேலை செய்யாது என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. படம் எடுத்து வைத்துவிட்டேன். இப்போது ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று: கடிக்குமா, கடிக்காதா?

தும்பி:
என் இரண்டாவது பதிவைப் படியுங்கள்.

கூர்வாள்:
அதில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை.

அரைக்கிணறு:
என் வாளிக்கு யாராவது பதில் சொல்வீர்களா? இன்னும் மூன்று துள்ளிக்கொண்டிருக்கிறது.