நண்டு வலையில் வந்த கூம்பு நத்தை

பாம்பன் கரையில் நண்டு வலை பிரிக்கும்போது, கூடவே சிக்கி வரும் சங்கு, சிப்பிகளை ஓரமாக ஒதுக்கிப் போடுவார்கள். அந்தக் குவியலில்தான் கோனஸ் டெக்ஸ்டைல் என்னும் கூம்பு நத்தையை முதன்முறையாக உயிரோடு பார்த்தேன். கடைகளில் மெருகேற்றி விற்கப்படும் ஓட்டை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் போர்த்து மங்கிக் கிடந்த அதன் முக்கோணக் கோலம் உடனே பிடிபடவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, கைய வைக்காதீங்க, குத்திரும்" என்று சொல்லிக் குச்சியால் அதை என் வாளிக்குள் தள்ளிவிட்டார். அருகிலிருந்த இளைஞரோ, அகன்ற முனையைப் பிடித்தால் ஒன்றும் செய்யாது என்றார்.

அது எவ்வளவு தவறு என்பதை அந்த வாளியிலேயே காண முடிந்தது. முதலில், நுனி சிவந்து நடுவே கறுப்புப் பட்டையிட்ட சுவாசக் குழல் வெளியே வந்தது; நான் போட்ட சிறு நத்தையை மோப்பம் பிடித்த பிறகு, அதன் கீழிருந்து வெளிறிய தும்பிக்கை ஒன்று நீண்டு, ஓட்டின் மேலேயே பின்புறமாக வளைந்து துழாவியது. இந்த இனம் பிற நத்தைகளை வேட்டையாடுவது. உள்ளீடற்ற ஈட்டி போன்ற பல்லை ஒரு முறையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை எடுத்துப் பலமுறை பாய்ச்சக்கூடியது. இரண்டாவது குத்தில், நீரில் பால் சிந்தியதுபோல் நஞ்சு பரவியதைக் கண்டேன்.

இதைவிடக் கொடியது, மீன் தின்னும் கோனஸ் ஜியோகிராபஸ். 1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில், அதை உள்ளங்கையில் வைத்து ஓட்டின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிய இளைஞர் ஒருவர் சில மணி நேரத்தில் இறந்துபோனார். அதன் குத்தில் வலி பெரிதாக இல்லாமலும் போகலாம் என்பதால், பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். (வலி நீக்கி மருந்தான சிகோனோடைடு இதே பேரினத்துக் கோனஸ் மேகஸின் நஞ்சிலிருந்து பிறந்தது என்பது தனிக்கதை.)

கூம்பு நத்தையின் நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழப்பதே உயிருக்கு ஆபத்து. ஆகவே குத்துப்பட்ட கையை அசையாமல் கட்டுப்போட்டு, செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.