புதுப்பிப்பு: கழுத்தில் வந்த சிவப்புக் கோடு என்னவென்று தெரிந்துவிட்டது

மழை தொடங்கியதும் ஒரு காலையில் கழுத்தில் சூடு பட்டதுபோல் சிவந்த கோடு, அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் என்று எழுதியிருந்தேன். அக்கியாக இருக்கும் என்று பலர் சொன்னீர்கள். தோல் மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: பெடரஸ் வண்டு.

எறும்பைவிடச் சற்றுப் பெரியது, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும் ஒல்லியான உடம்பு. இது கடிக்காது, கொட்டாது. மேலே ஊரும்போது தூக்கத்தில் தட்டி நசுக்கிவிடுகிறோம் பாருங்கள், அப்போது அதன் உடம்பிலிருந்து வரும் பெடரின் என்ற நச்சுதான் தோலைப் புண்ணாக்குகிறது. உடனே எரியாது. ஒரு நாள், சிலருக்கு அதற்கும் மேல் கழித்துத்தான் தெரியும். அதனால் யாருக்கும் வண்டின் மேல் சந்தேகமே வருவதில்லை. முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் புண் வரும். நச்சு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் இமை வீங்கிவிடும்.

சிகிச்சை சாதாரணம்தான்: ஈரத்துணி ஒத்தடம், அவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பு. இப்போது காய்ந்து கறுப்புத் தழும்பு மட்டும் மிச்சம். மற்றவருக்குத் தொற்றாது.

வண்டு வெளிச்சத்தைத் தேடி வருகிறது. படுக்கைக்கு நேர் மேலே இருந்த விளக்கை மாற்றிவிட்டேன், ஜன்னலுக்கு வலையும் அடித்தாயிற்று. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடிக்க வேண்டாம். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம், பற்பசை தடவச் சொன்ன நண்பருக்கு: தடவவில்லை!