பாங்காக்கில் மழை: மொட்டைமாடி, நேரடி இசை, மாற்று இடம் வேண்டும்

வரும் வியாழன் மாலை பாங்காக்கில் மொட்டைமாடி பார்களும் நேரடி இசையும் சேர்ந்த ஒரு சுற்றுக்கு, வழிகாட்டியோடு, பணம் கட்டியிருந்தோம். மழையைக் காரணம் காட்டி ரத்து செய்துவிட்டார்கள். வேறு தேதி தருவார்களாம். எங்களுக்கோ வெள்ளி காலையில் விமானம்.

தங்கியிருப்பது அசோக் பி.டி.எஸ். (மேம்பால ரயில்) ஸ்டேஷன் பக்கம். நான், மனைவி, தம்பி. தம்பிக்கு இன்னும் 20 ஆகவில்லை, தாய்லாந்தில் அதற்குக் கீழே மது கிடையாது. அவனுக்கு அது தேவையும் இல்லை, ஜாஸ் கேட்டால் போதும்.

பன்யன் ட்ரீ ஓட்டலின் 61ஆம் மாடி வெர்டிகோ பார், ஸ்டேட் டவரின் 63ஆம் மாடி ஸ்கை பார் இரண்டையும் பார்த்தேன். இரண்டுமே திறந்தவெளி, மழை வந்தால் கதை முடிந்தது. செருப்பு, அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். சரி, ஷூ இருக்கிறது. ஓட்டல் வரவேற்பில் கேட்டால் மால்களையே காட்டுகிறார்கள். விக்டரி மானுமென்ட் அருகே சாக்ஸபோன் பப் இசைக்குப் பேர்போனது, ரயிலிலேயே போகலாம். ஆனால் மனைவிக்கு உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தே ஆகவேண்டும்.

கூரை போட்ட பகுதியும் நேரடி இசையும் இருந்து, 20 வயது ஆகாதவரையும் உள்ளே விடும் மொட்டைமாடி இடம், நள்ளிரவு கடைசி ரயிலைப் பிடிக்கும் தூரத்தில் எது?